முள்ளுக் கடிவாளமும் மொட்டைக் கடிவாளமும்

நான் முதன்முதலாக வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்தது ஒரு குதிரையை. இப்போது புதுக்கோட்டையில் சின்னதாக ஒரு பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கிறேன். தினமும் பத்துப் பதினைந்து பேராவது என் முன்னால் வாயைத் திறக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடமும் இந்தக் குதிரை விஷயத்தைச் சொன்னதில்லை. சொன்னால் திறந்த வாயை மூடிக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள் என்ற பயம்தான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்கள் ஊர் அறந்தாங்கிக்குத் தெற்கே இருக்கிறது. வீட்டுக்கு ஒருவராவது வளைகுடா நாட்டில் இருப்பார். அங்கிருந்து வருகிறவர்கள் சென்ட் பாட்டிலும் பால் பவுடரும் கனத்த கம்பளியும் கொண்டுவருவார்கள். வேர்த்துக் கொட்டும் ஊரில் அந்தக் கம்பளியை என்ன செய்வது என்று யாரும் கேட்பதில்லை. என் தாய்மாமா பன்னிரண்டு வருஷம் அங்கே ஒரு குதிரை லாயத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தார். அவர் பெட்டியைத் திறந்ததும் அம்மாவின் முகம் சுருங்கிப்போய்விட்டது. உள்ளே மூன்று கடிவாளங்கள், பூட்ஸில் கட்டுகிற குதிமுள் ஒரு ஜோடி, குதிரைக்குத் தேய்க்கும் பிரஷ் இரண்டு. எனக்கு மட்டும் ஒரு பென்சில் பாக்ஸ்.

குதிரையின் வாய்க்குள் போகும் இரும்புக் கம்பியைத்தான் எங்கள் பக்கம் கடிவாளம் என்பார்கள். அதன் இரண்டு முனையிலும் வளையம் இருக்கும். வளையத்திலிருந்து ஓட்டுகிறவர் கைக்கு வரும் வாருக்கு லகான் என்று பெயர். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். ஏனென்றால் எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு குதிரை இருந்தது.

அப்பா லைன்மேன். காக்கிச் சட்டைப் பையில் எப்போதும் ஒரு கறுப்பு இன்சுலேஷன் டேப் இருக்கும். வீட்டில் எது உடைந்தாலும் அவருக்கு அதுதான் வைத்தியம். டிவி ரிமோட், குடைக் கம்பி, அம்மாவின் தோசைக் கரண்டிப் பிடி, என் டிபன் பாக்ஸ் மூடி எல்லாமே கறுப்புக் கட்டுப் போட்டுக்கொண்டுதான் எங்கள் வீட்டில் நடமாடின. அந்த மனிதருக்கு இருந்த ஒரே பைத்தியம் குதிரை. சம்பளக்காரர் வீட்டுக்குக் குதிரை எதற்கு என்று அம்மா கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோயிருந்தாள்.

கோயில் திருவிழா வந்தால் எங்கள் பக்கம் தார் ரோட்டில் மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் விட்டு எல்கைப் பந்தயம் நடத்துவார்கள். சில மைல் தூரம் போய், எல்லையில், அதாவது எல்கையில் வைத்திருக்கும் பீப்பாயைச் சுற்றித் திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். நேராக ஓடுவதற்கு எந்தக் குதிரைக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திரும்புவதில்தான் இருக்கிறது விஷயம். எங்கள் செவலைக் குதிரைக்கு அந்த விஷயம் மட்டும் பிடிபடவில்லை. முந்தின வருஷம் எல்லாருக்கும் முன்னால் எல்கைக்குப் போய், பீப்பாயை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேராக அடுத்த ஊர் டீக்கடை வரைக்கும் போய் நின்றது. வண்டியில் இருந்தவர் வேறு வழியில்லாமல் டீ குடித்துவிட்டு வந்ததாக ஊரில் பேச்சு.

அதற்குப் பிறகுதான் அப்பா பட்டறையில் சொல்லி முள்ளுக் கடிவாளம் அடித்து வாங்கினார். கம்பியின் நடுவில் நெல்மணி அளவுக்கு ஆறேழு முள். லகானைப் பிடித்து இழுத்தால் அது நாக்கில் அழுந்தும். மாமா கொண்டுவந்ததோ வழவழவென்று சில்வர் டம்ளர் மாதிரி மின்னியது. ஊர்க்காரர்கள் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதென்ன மொட்டைக் கடிவாளம் என்று சிரித்தார்கள். மாமா அந்தக் குதிரைக்கு இது போதும் என்று மட்டும் சொன்னார்.

மாமா லீவு முடிந்து திரும்பிப் போவதற்கு இரண்டு மாதம் இருந்தது. போகக்கூடாது என்பது அம்மாவின் ஆசை. மாமாவுக்கும் அதே ஆசைதான். ஒரு பந்தயத்தில் பெயர் எடுத்துவிட்டால் சுற்று வட்டாரத்தில் நாலு பேர் தங்கள் குதிரையைப் பழக்குவதற்கு அவரிடம் கொடுப்பார்கள். அதை வைத்து ஊரிலேயே இருந்துவிடலாம். இல்லாவிட்டால் மறுபடியும் அந்த லாயம்தான். ஒருநாள் இரண்டு பேருக்கும் கடிவாளப் பேச்சு முற்றிப்போய், அப்பா சோற்றுக் கையோடு சொன்னார்.

"ஒங்க மொட்டையிலயே ஓட்டுங்க மாப்ள. எல்கையில திரும்புச்சுன்னா குதிரையும் ஒங்களுக்குத்தான், நீங்களும் இங்கனயே இருங்க. திரும்பலன்னா அதை வாங்குன எடத்துக்கே ஏத்தி விட்டுருவோம். நீங்களும் பிளைட் ஏறுங்க."

மாமா சரி மச்சான் என்றார். அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே, ஆளுக்கு ஒண்ணை வாயில மாட்டிக்கிட்டீங்கன்னா வீடு கொஞ்சம் அமைதியா இருக்கும் என்றாள். நான் மட்டும் தட்டில் சோற்றை ஒதுக்கி ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தேன். குதிரையும் போய், மாமாவும் போய்விட்டால் வீட்டில் மிஞ்சுவது டேப் சுற்றிய ரிமோட்தான்.

அன்றிலிருந்து நான் மாமாவின் வாலைப் பிடித்துக்கொண்டு திரிந்தேன். எனக்கு எல்லாமே கேள்விதான். இரும்பு வாய்க்குள் இருக்கும்போது குதிரை எப்படி எச்சில் விழுங்கும், பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது, தூங்கும்போது கழற்றிவிடுவார்களா. மாமா ஒருநாள் செவலையின் உதட்டோரம் விரலை விட்டு வாயைத் திறந்து காட்டினார். முன்பல் வரிசை முடிந்ததும் ஒன்றுமில்லாத வெறும் ஈறு. கொஞ்ச தூரம் தள்ளித்தான் கடைவாய்ப் பல் ஆரம்பித்தது. அந்த இடைவெளியில்தான் கடிவாளம் உட்காருமாம். எனக்கும் அப்போது பக்கவாட்டில் ஒரு பால்பல் விழுந்து இடைவெளி இருந்தது. இது என்ன, யாரோ குதிரைக்கும் எனக்கும் ஒரே இடத்தில் வசதி செய்து வைத்திருக்கிறார்களே என்று ஆச்சரியமாக இருந்தது. அப்போதுதான் செவலையின் நாக்கைப் பார்த்தேன். ஓரத்தில் வெள்ளையாக ஒரு தழும்பு.

அன்று சாப்பிடும்போது அப்பாவிடம் அதைச் சொன்னேன். வாங்கும்போதே இருந்தது என்றார். அப்புறம் தயிர் ஊற்றிக்கொள்ளாமல் எழுந்துவிட்டார். அப்பா தயிர் வேண்டாம் என்றால் வயிறு சரியில்லை என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு அம்மா கஷாயம் போடக் கிளம்பினாள்.

குதிமுள் என்ற சொல் எனக்குப் பின்னால்தான் தெரியும். மாமா ஸ்பர் என்றார். பூட்ஸின் குதிகாலில் கட்டிக்கொள்ளும் ஒரு வளைந்த இரும்பு, பின்னால் மொண்ணையாக ஒரு நுனி. குதிரைமேல் உட்கார்ந்து போகிறவர் விலாவில் அதை லேசாக வைத்தால் குதிரைக்குப் புரிந்துவிடுமாம். மாட்டைக் குத்துற தார்க்குச்சியக் கால்ல கட்டுறதுதானே என்று அப்பா ஒரே வார்த்தையில் அதை மாட்டு வண்டியில் ஏற்றிவிட்டார். எங்கள் ஊரில் குதிரை முதுகில் யாரும் போவதில்லை, எல்லாம் வண்டிதான். ஆகவே குதிமுள்ளுக்கு வேலை இல்லை. நான் கெஞ்சிக் கேட்டதால் மாமா ஒருநாள் அதைக் கட்டிக்கொண்டு முற்றத்தில் டிங் டிங் என்று நடந்து காட்டினார். அந்தச் சத்தத்துக்கே செவலை காதை விறைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றது.

"இது குத்துறதுக்கு இல்ல மருமகளே. கால்ல இருக்குன்னு அதுக்குத் தெரிஞ்சாப் போதும்" என்றார் மாமா.

அதே வாரத்தில் அப்பாவிடம் போய், முள்ளுக் கடிவாளம் குத்தாதா என்று கேட்டேன். குத்துறதுக்கா போட்டிருக்கு, குத்தும்னு அதுக்குத் தெரிஞ்சாப் போதும் என்றார் அவர். இருவரும் சொன்னது ஒன்றேதான். பிறகு எதற்குச் சண்டை என்று எனக்குக் குழப்பம். எங்கள் நாலாம் வகுப்பு டீச்சரும் மேஜைமேல் பிரம்பை வைத்துவிட்டு இதையேதான் சொல்வார். ஆனால் அந்தப் பிரம்பு வாரத்துக்கு இரண்டு தடவையாவது மேஜையை விட்டு எழுந்தது. ஆகவே பெரியவர்கள் பேச்சை நம்புவதற்கில்லை, நாமே பார்த்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லாரும் தூங்கிக்கொண்டிருக்கும்போது கொட்டகைக்குப் போனேன். முதலில் மொட்டைக் கடிவாளத்தை எடுத்துப் பாவாடையில் துடைத்து வாயில் வைத்துக்கொண்டேன். ஜில்லென்று இருந்தது. இரண்டு வளையத்தையும் பிடித்து நானே பின்னால் இழுத்தேன். வாய் காது வரைக்கும் விரிந்தது, அவ்வளவுதான். எச்சில் மட்டும் நிற்காமல் ஒழுகியது. அடுத்தது முள்ளுக் கடிவாளம். துரு வாசனை. மெதுவாகத்தான் இழுத்தேன். குத்தவில்லை. அப்பா சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் இழுத்தபோது கோழி ஒன்று திடீரென்று குறுக்கே பறந்தது. நான் பயந்துபோய் வெடுக்கென்று இழுத்துவிட்டேன்.

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழுதால் அகப்பட்டுக்கொள்வேன் என்று கடிவாளத்தை ஆணியில் மாட்டிவிட்டு வந்து படுத்துக்கொண்டேன். ராத்திரி ரசம் பட்டதும் துள்ளினேன். வாய்ப்புண் என்று அம்மா தீர்மானித்து, மூன்று நாள் மணத்தக்காளிக் கீரையாகவே போட்டாள். அப்பா மட்டும் டார்ச் லைட்டை எடுத்துவந்து நாக்கை நீட்டு என்றார். நீட்டினேன். கரண்ட் கம்பத்தில் பழுது பார்க்கிற மாதிரி வெகுநேரம் பார்த்தார். மூன்று புள்ளி வரிசையாக இருந்திருக்கும். டார்ச்சை அணைத்துவிட்டு, கீரையைச் சாப்பிடு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்பாடா, தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

மாசி மாதம் திருவிழா வந்தது. பந்தயத்துக்கு முதல் நாள் சாயங்காலம், வண்டிக்குத் துணையாகப் பின்னால் ஓடி வரப்போகிற பெரியப்பா மகன் அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. எதுக்கும் முள்ளையும் வண்டியில போட்டு வச்சுக்குவோம் சித்தப்பா, புறப்படும்போது மாத்திக்கிடலாம் என்றான் அவன். அப்பா பாப்போம் என்றார். மாமாவை ஏமாற்றிவிட்டு முள்ளைச் செவலை வாயில் திணிக்கப்போகிறார்கள். அது எப்படி இருக்கும் என்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

கொட்டகையில் கொள்ளு கொட்டி வைக்கும் பிளாஸ்டிக் டிரம் ஒன்று உண்டு. அதை அப்பா தவிர யாரும் தொடக்கூடாது. கொள்ளு கூடினால் குதிரைக்குச் சூடு, குறைந்தால் சோர்வு என்று அவரே தினமும் சாயங்காலம் கை விட்டு அளந்து ஊறப் போடுவார். யாரும் தொடக்கூடாத இடம் என்பதால் அதுதான் பத்திரமான இடம் என்று என் ஒன்பது வயது மூளைக்குப் பட்டது. முள்ளுக் கடிவாளத்தை டிரம்மின் அடி வரைக்கும், முழங்கை மறையும்படி செருகி மூடினேன். அன்றைக்கும் இருட்டுவதற்குள் அப்பா அதே டிரம்மில் கை விடுவார் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் அதை இதோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

விடியும்போதே விழித்துக்கொண்டேன். வெளியே பனி இறங்கியிருந்தது. கொட்டகைக்குள் டார்ச் வெளிச்சம் அங்கிட்டும் இங்கிட்டும் அலைந்தது. அப்பாதான் தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டு போனேன். தேடியது மாமா. சாக்குகளைத் தூக்கிப் பார்த்தார், சேணத்தைப் புரட்டிப் பார்த்தார், ஆணிக்குக் கீழே தரையைத் தடவிப் பார்த்தார். என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார்.

"மருமகளே, அந்த முள்ளுக் கடிவாளத்தை எங்கிட்டாவது பாத்தியா?"

"இல்ல மாமா."

அவருக்காகத்தானே பொய் சொல்கிறேன் என்று எனக்குப் பெருமையாகவே இருந்தது. அப்பா எடுப்பதற்கு முன்னால் அதை ஒளித்து வைக்கத்தான் மாமா தேடுகிறார், நான் அவரை முந்திவிட்டேன். வெளியே குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த அப்பாவுக்கு எங்கள் பேச்சு கேட்டிருக்க வேண்டும். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து வாசலில் நின்றார்.

"அது எதுக்கு இப்ப? இருக்குறதைப் போட்டு ஓட்டுங்க மாப்ள" என்றார் அப்பா.

மாமா தலையை ஆட்டினார். மொட்டைக் கடிவாளத்தை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். பனிக்காலத்தில் ஜில்லென்ற இரும்பை வாயில் திணிக்கக்கூடாது என்பதற்காக அவர் தினமும் செய்கிற வேலைதான் அது. அன்றைக்கு அவர் கை நடுங்கியது. பனி அதிகம் என்று நினைத்துக்கொண்டு, உள்ளே போய் அவருக்கு ஒரு கம்பளி எடுத்து வந்தேன். வாழ்க்கையில் அந்தக் கம்பளிக்கு ஒரு உபயோகம் வந்ததே என்று அம்மா சொன்னாள்.

எல்கைக்குப் பக்கத்திலேயே அம்மாவின் சித்தி வீடு. அம்மாவும் நானும் அந்த வீட்டு மொட்டை மாடியில் ஏறி நின்றோம். கீழே ரோட்டின் இரண்டு பக்கமும் கூட்டம். நடுவில் சுண்ணாம்பு அடித்த பீப்பாய். முதலில் தூரத்தில் தூசி தெரிந்தது. பிறகு ஹார்ன் சத்தம், வண்டிகளோடு கூடவே வரும் மோட்டார் சைக்கிள்கள். எட்டு வண்டிகளில் எங்கள் வண்டி மூன்றாவதாக வந்தது. முன்னால் வந்த இரண்டு குதிரைகளும் தலையை வானத்துக்குத் தூக்கி, வாயை ஆவென்று திறந்துகொண்டு, அகலமாக வட்டம் போட்டுத் திரும்பின. செவலை வேகத்தைக் குறைக்கவில்லை. பீப்பாய் நெருங்கிவிட்டது. அடுத்த ஊர் டீக்கடை எனக்குக் கண்ணில் தெரிந்தது. அம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது.

அப்பா மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு நின்றிருந்தார். அத்தனை பேரும் குதிரையைப் பார்க்க, அவர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா லகானை இழுக்கவே இல்லை. இழுப்பார் என்று எதிர்பார்த்த நேரத்தில் கொஞ்சம் தளர்த்தினார். பிறகு இடது கையை மட்டும் மெதுவாக மடக்கினார். செவலையின் ஒரு காது மட்டும் அவர் பக்கம் திரும்பியது. காதுக்குப் பின்னால் தலை, தலைக்குப் பின்னால் கழுத்து, அப்புறம் வண்டி. பீப்பாயை உரசுகிற மாதிரி சின்னதாக ஒரு வட்டம் போட்டு, முன்னால் போன ஒரு வண்டியையும் தாண்டிக்கொண்டு வந்த வழியே ஓடியது. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. அம்மா உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

இரண்டாவது பரிசுதான். ஆனால் ஊரில் முதல் பரிசு வாங்கிய குதிரையைச் சீந்துவார் இல்லை. எல்லாரும் செவலையின் வாயைத் திறந்து பார்த்தார்கள். மாமா பிளைட் ஏறவில்லை. அடுத்த திருவிழாவுக்குள் பட்டறைக்காரர் மொட்டைக் கடிவாளமாகவே அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இன்றைக்கும் மாமாவிடம் குதிரை பழக்கக் கொடுக்க வருகிறவர்கள், முள் இல்லாமல் எந்தத் தைரியத்தில் அன்றைக்கு ஏறினீர்கள் என்று தவறாமல் கேட்கிறார்கள். நம்பிக்கைதான் என்பார் அவர். சொல்லிவிட்டு என் பக்கம் மட்டும் பார்க்க மாட்டார். அந்தப் பனிக்காலையில் அவர் எதை ஒளிப்பதற்கும் தேடவில்லை, கடைசி நேரத்தில் மனம் தளர்ந்து போடுவதற்குத்தான் தேடினார் என்று எனக்கு உறைக்கவே எத்தனையோ வருஷம் ஆனது. கல்லூரியில் முதன்முதலாக ஒருவருக்குப் பல் பிடுங்கப் போன அன்று என் கையும் அப்படித்தான் நடுங்கியது. அப்போது மாமாவின் கை ஞாபகத்துக்கு வந்தது.

பந்தயம் முடிந்த அன்று சாயங்காலம், வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, நான் மட்டும் நைசாகக் கொட்டகைக்குப் போய் டிரம்முக்குள் கையை விட்டேன். கடிவாளம் நான் வைத்த இடத்தில் இல்லை. பயந்துபோய்த் துழாவியதில் இன்னொரு ஓரத்தில் அகப்பட்டது. வெளியே எடுத்தேன். முள் ஒன்றுகூடத் தெரியவில்லை. நடுக்கம்பி முழுக்கக் கறுப்பு டேப், ஒரு முள்ளும் விடாமல் இழுத்து இழுத்துச் சுற்றி, நுனியை அழுத்தி ஒட்டியிருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது. யாராவது தேடிக் கண்டுபிடித்து எந்த வாயில் மாட்டினாலும் இனி அது குத்தாது.

அந்த டேப் யாருடையது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதை ஆணியில் மாட்டிவிட்டு விளையாடப் போனேன். அப்போது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். இதுவும் எங்கேயோ உடைந்திருக்கிறது, அப்பா ரிப்பேர் பண்ணிவிட்டார்.